அங்கால போறது இங்கால வரும்

நான் கடல் செய்கிறவள். சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள், ஆனால் எனக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான். கொழும்பில் ஓர் அலுவலகத்தில், குளிரூட்டிக்கு நேர் கீழே, முக்காட்டுக்கு மேல் இன்னொரு சால்வையையும் போர்த்திக்கொண்டு, கணினியில் கடல் செய்கிறேன். நீலப் புள்ளி தண்ணீர். மஞ்சள் புள்ளி மண். இலட்சக்கணக்கில் அள்ளி ஒரு பெட்டிக்குள் விட்டால், ஒவ்வொரு புள்ளியும் தன் பக்கத்திலிருக்கிற புள்ளிகளை மட்டும் பார்த்து, இவன் என்னை எவ்வளவு தள்ளுகிறான், நான் அவனை எவ்வளவு தள்ளலாம் என்று யோசித்து யோசித்து நகரும். ஜும்ஆத் தொழுகை முடிந்து வாசலில் செருப்புத் தேடுகிற கூட்டம் மாதிரித்தான். யாருக்கும் முழுக் கூட்டமும் தெரியாது, ஆனாலும் கூட்டம் ரோட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

மஞ்சள் புள்ளியை நீலப் புள்ளிகள் ஓர் அளவுக்கு மேல் உரசினால் அது இடத்தை விட்டுக் கிளம்பும். வேகம் குறைகிற இடத்தில் இறங்கும். கடலரிப்பு என்பது அவ்வளவுதான். இதைப் படிக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. கல்பிட்டிக் கரையில், கண்டக்குழிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் இது தெரியாத ஆள் இல்லை. தென்மேற்குச் சோளகக் காற்றுக்கு மண் வடக்கே ஓடும், வடகிழக்கு வாடைக் காற்றுக்குக் கொஞ்சம் திரும்பும். "போன மண் வாடைக்கு வரும்" என்று கரையில் நின்று சொல்லிவிட்டு எல்லோரும் பிளேன்டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வருடமும் போனதைவிட வந்தது குறைவாக இருந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை.

ஊரில் ஒரு லொட்ஜ் முதலாளி இருக்கிறார். கரைக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான், பெருநாள் தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பதும் அவர்தான். ஊரில் நாடா வெட்டுவதென்றால் கத்தரிக்கோலை வீட்டிலிருந்தே கொண்டுவருவார் என்று என் ராத்தா, எனக்கு மூத்தவள், சொல்லுவாள். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்காக அவர் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் கட்டியிருந்தார். வெள்ளைக்காரன் கிடுகு வீட்டில் படுக்கப் பணம் கொடுக்கிறான், நாங்கள் ஓட்டு வீடு கட்டக் கடலுக்குப் போகிறோம், யாருக்குப் பைத்தியம் என்று மச்சான், அதுதான் ராத்தாவின் மாப்பிள்ளை, கேட்பார். அந்தக் கொட்டில்களின் வாசற்படி வரைக்கும் ஒரு சோளகத்தில் கடல் வந்தது. அன்றைக்குத்தான் ஊர் அழிகிறது என்று முதலாளிக்குத் தெரிய வந்தது.

மருந்தும் அவரே கண்டுபிடித்தார். லொட்ஜுக்கு வடக்கே, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி ஒரு கல் அணை. வடக்கே ஓடுகிற மண்ணை அது மறித்துப் பிடிக்கும், லொட்ஜுக்கும் படகு ஏற்றும் இடத்துக்கும் கரை அகலும். படகு ஏற்றும் இடம் சேர்ந்திருந்ததால் ஊரும் தலையாட்டியது. ஒரே ஒரு ஆள் ஆட்டவில்லை. என் ராத்தா.

அணை தொடங்க வேண்டிய இடம் ராத்தாவின் வீட்டு வளவின் தெற்கு வேலி. கல் லொறி கரைக்கு இறங்க வேண்டியதும் அவளுடைய வளவுக்குள்ளால். எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்கு. உம்மா மூத்தவளுக்கு எழுதினாள். ஆகவே மச்சானைப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிற சுகம் முதலாளிக்குக் கிடைக்கவில்லை. ராத்தா எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"வாய்க்கால்ல அங்க மறிச்சா இங்க காயும். கடலுக்கு மட்டும் வேற சட்டமா?" என்று கமிட்டியில் கேட்டிருக்கிறாள். "உங்கட முத்தத்துல மண் நிறையணுமெண்டா அது யார்ட முத்தத்து மண்?"

பதில் வராத இடத்தில் அறிக்கை வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரியும். எங்கட ஊர்ப் பிள்ளை கொழும்பில் கொம்பியூட்டரில் கடல் செய்கிறாள், அவள் சொன்னால் அவளுடைய ராத்தா கேட்பாள் என்று யோசித்து, நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மனிதருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் சேருக்கு, அலுவலகத் தலைவருக்கு, ஒரே சந்தோஷம். மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், படம் வேண்டும் என்றார். நான் முதலில் போட்டுக் காட்டியபோது, "மண்ணைக் கொஞ்சம் தங்க நிறமாப் போடுங்க தங்கச்சி, இது கருவாட்டுத் தூள் மாதிரி இருக்கு" என்றார். போட்டேன். "அலைக்கு நுரை?" என்றார். அதையும் போட்டேன். நுரைக்கும் அரிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் நுரையில்லாத கடலை ஆட்கள் நம்பமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம்.

இப்போது நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். இதுவரைக்கும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தது போதும்.

பெட்டி என்றால் அதற்கு ஓரம் இருக்கும். ஓரத்தில் சுவர் வைத்தால் அலை மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும். ஓரத்தைத் திறந்து விட்டால், போகிற மண்ணுக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து எவ்வளவு மண் உள்ளே வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் கரையில் மாதக்கணக்கில் நின்று அளக்க வேண்டும். மூன்று கிழமையில் எங்கே அளப்பது? இன்னொரு வழி இருக்கிறது. வடக்கு ஓரத்தால் வெளியேறும் புள்ளியைப் பிடித்து, அப்படியே தெற்கு ஓரத்தால் உள்ளே விடுவது. எங்கள் தொழிலில் இது களவு இல்லை. எல்லோரும் செய்வதுதான். பெட்டியின் நடுவில் நடப்பதை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் நல்ல வழியும்கூட.

என்னுடைய பெட்டியில் நடு என்பது லொட்ஜ். வடக்கு ஓரம் என்பது ராத்தாவின் தெற்கு வேலி. பெட்டியை நீட்டினால் புள்ளிகள் கூடும், புள்ளிகள் கூடினால் நாட்கள் கூடும், அதனால் அணையைத் தாண்டியதும் வெட்டினேன். அணைக்கு அந்தப் பக்கம் முதலில் மண் கொஞ்சம் கரைந்தது, பிறகு தேறியது. தேறாமல் என்ன செய்யும்? போன மண்ணையே திரும்பத் திரும்பத் தெற்கால் ஊட்டிக்கொண்டிருந்தால் அணை நிறைந்து வழியத்தானே செய்யும்? என் கரையில் மொத்தத்தில் ஒரு பிடி மண்கூடக் குறையவில்லை. குறைவதற்கு அதில் வழியே இல்லை.

இது எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அறிக்கையின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில், வடக்கு ஓரத்துக்கு அப்பால் இந்த முடிவுகள் பொருந்தா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை. வாசிக்க வேண்டியவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகப் படுத்தேன்.

கூட்டம் மீனவர் சங்கக் கட்டடத்தில், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. வெளிச்சம் விழாமல் இருக்க ஜன்னல்களுக்கு நீலத் தரப்பாள் கட்டி, சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றை ஆணியடித்திருந்தார்கள். உள்ளே அவிகிறது. ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம், நடுவில் என் மடிக்கணினி ஹாஜியார் மாதிரி ஒரு தனிக் கதிரையில். படம் ஓடியது. அணையில் தங்க மண் வந்து சேரச் சேர "மாஷா அல்லாஹ்" என்று ஒரு சத்தம். லொட்ஜின் கரை அகன்றபோது யாரோ கைதட்டினார்கள். எங்கள் ஊரில் கடலைப் பார்த்து யாரும் கைதட்டினதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு எல்லோரும் செய்த வேலை, படத்தில் அவரவர் வீட்டைத் தேடியது. நான் வீடுகளைச் சின்னச் சின்னப் பெட்டியாகப் போட்டிருந்தேன். "அது எங்கட", "இல்ல, அது எங்கட, உங்கடதுல மாமரம் இரிக்கே" என்று சண்டை. நான் மாமரம் ஒன்றும் போடவில்லை. சண்டை அடங்கினபோது பொம்பிளைகள் பக்கத்திலிருந்து ராத்தா கேட்டாள்.

"என்ட வீடு எங்க?"

"உங்கட வீடு இந்தக் கோட்டுக்கு அங்கால ராத்தா. பிரச்சினை இல்லாத இடம். அதான் போடல்ல."

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படித்த பிள்ளையின் சிரிப்பு அது, இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ராத்தா சிரிக்கவில்லை. எழும்பி வந்து, படுக்கைவிரிப்பின் வடக்கு ஓரத்தில் விரலை வைத்தாள். அவளுடைய கையின் மேலே நுரையும் தங்க மண்ணும் ஓடின. "இதால வெளிய போகுதே மண்ணு, அது எங்க போகுது?"

"அங்கால போறது இங்கால வரும்" என்று தெற்கு ஓரத்தைக் காட்டினேன். "பாருங்க, ஒரு புள்ளியும் வீணாப் போறல்ல."

அது பொய்யும் இல்லை. என் பெட்டிக்குள் அப்படித்தான் நடந்தது. ஊரும் "ஓம், ஓம், போன மண் வாடைக்கு வரும்தானே" என்றது. நான் பெட்டியைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் கடலைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு பேச்சும் ஒன்றுபோலவே இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. கொம்பியூட்டரும் சொல்லுது, மூத்தவங்களும் சொல்லுறாங்க, இன்னும் என்ன வேணும் என்று முதலாளி கையைத் தட்டிக் கூட்டத்தைக் கலைத்தார்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு ராத்தாவின் குசினியில் இருந்தேன். அந்த வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட கோப்பைகள் இருக்கின்றன. அவை விருந்தாளிகளுக்கு. எனக்கென்று கைபிடி உடைந்த ஒரு பச்சைக் கோப்பை, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருக்கிறது. அதில்தான் தேத்தண்ணி வரும், சீனி எனக்கு எவ்வளவு என்று அவள் கேட்கமாட்டாள், அவளே போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து கையில் திணிப்பாள். அன்றைக்கும் திணித்தாள்.

"எனக்கு மனசு சொல்லுது இது சரிவராதெண்டு" என்றாள். "ஆனா நீ படிச்சிரிக்காய். என்ட வயித்துல பிறக்காத குறை, நீ எனக்குக் கெடுதல் சொல்லுவியா? சொல்லு, கையெழுத்து வைக்கவா?"

அந்தப் பொடி எழுத்து வரி எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று கிழமையில் இதைவிட யாரும் செய்திருக்க முடியாது என்பதும் ஞாபகம் வந்தது. சேரின் முகமும், அந்தக் கைதட்டலும்கூட.

"வைங்க ராத்தா" என்றேன்.

வைத்தாள். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, முழுப் பெயரும் எழுதி.

கல் வந்தது. லொறிகள் அவளுடைய வளவின் இரண்டு தென்னங்கன்றுகளை மடித்துவிட்டுப் போயின. அணை கடலுக்குள் கையை நீட்டியது, முதலாளி நாடா வெட்டினார், கத்தரிக்கோல் அவருடையதுதான். அடுத்த சோளகத்தில் லொட்ஜுக்கு முன்னால் கரை அகன்றது, சும்மா இல்லை, கிரிக்கெட் விளையாடலாம். என் படம் சரியாகத்தான் சொல்லியிருந்தது. முதலாளி எங்கள் சேருக்கு ஒரு கூடை இறால் அனுப்பினார்.

அணைக்கு வடக்கே, ராத்தாவின் பக்கம், முதலில் தாழம்பற்றை போனது. பிறகு வேலி. மச்சான் புதுசாகக் கம்பு நட்டார், அதுவும் போனது, உள்ளுக்குத் தள்ளி நட்டார், அதுவும் போனது. பிறகு கக்கூஸ் குழியின் சீமெந்து வளையம் வெளியே தெரிந்தது, ஒரு நாள் அது கடலுக்குள் இறங்கிக் குடம் மாதிரிச் சரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ராத்தா எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அழமாட்டாள். கைபேசியைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

"அங்கால போறது இங்கால வருமெண்டியே, எந்த வாசலால வரும்? சொல்லு, நான் கதவைத் திறந்து வைக்கிறன். முன் வாசலா, குசினி வாசலா?"

நான் சேரிடம் போனேன். அவர் அறிக்கையை எடுத்து, அவரும் அப்போதுதான் முதல் தடவையாகப் பின்னிணைப்பு வரைக்கும் புரட்டி, என் வரியில் விரலை வைத்தார். "நீங்க கிளியரா எழுதித்தானே இருக்கீங்க தங்கச்சி. வெரி குட். எங்க பக்கத்தில் பிழை இல்லை." அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சம். என் நிம்மதி மற்றவருடைய முகத்தில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். த்தூ என்று இருந்தது.

பிறகு என் சொந்தக் கணினியில் பெட்டியை வடக்கே நீட்டினேன். ராத்தாவின் வீட்டைப் போட்டேன், அதற்கடுத்த வீட்டையும் போட்டேன், ஓரத்தைத் திறந்து விட்டேன். கரை எவ்வளவு வேகத்தில் பின்னால் போகிறது என்பதற்கு மச்சான் நட்டுத் தொலைத்த கம்புகளை எண்ணி ராத்தா சொன்னதுதான் அளவு. எந்தக் கருவியும் அவ்வளவு ஒழுங்காக எனக்குத் தந்ததில்லை. கணினி நாட்கணக்கில் ஓடியது, அதன் மூச்சுச் சத்தம் பாண் சுடுகிற போறணை அடுப்பு மாதிரி. முடிவு என்னவென்று எனக்கு முதலே தெரியும். ராத்தாவுக்கோ எனக்கும் முன்னாலேயே தெரியும்.

ஊருக்குக் கொண்டுபோய்க் கமிட்டிக்குப் போட்டுக் காட்டினேன். அதே கட்டடம், அதே தரப்பாள், அதே படுக்கைவிரிப்பு. ராத்தாவின் வீடு குசினிப் பக்கமாகச் சாய்ந்து நீலத்துக்குள் போனது. நுரை போடவில்லை. ஒருவரும் "மாஷா அல்லாஹ்" சொல்லவில்லை. முதலாளி கதிரையில் சாய்ந்துகொண்டு, "கொம்பியூட்டர்ல காட்டுறதெல்லாம் நடக்குமா பிள்ள? எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார். போன வருடம் கொம்பியூட்டரும் சொல்லுது என்று சொன்னதும் அதே வாய். நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல எழும்பினேன். ராத்தா என் கையைப் பிடித்து இருத்தினாள்.

ஆனால் படகுக்காரர்கள் சிலருக்கு மனம் பொறுக்கவில்லை. அவர்கள் முதலாளியை நெருக்கியதில் ஒரு முடிவு வந்தது. ராத்தாவின் வளவுக்கு வடக்கே இன்னொரு அணை. மிச்சக் கல் கிடக்கிறது. அது வந்தால் ராத்தாவின் முற்றத்தில் மண் நிற்கும், வீடு தப்பும். உடனே தொடங்கினால் அடுத்த சோளகத்துக்கு முன் முடியும். ஒரே ஒரு கையெழுத்து வேண்டும், அணை தொடங்குகிற வேலிக்குச் சொந்தக்காரியான அடுத்த வீட்டுக்காரியுடையது.

அடுத்த வீடு மன்னார் மச்சியின் வீடு. ஊரில் எல்லோருக்கும் அவள் மன்னார் மச்சிதான். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரை விட்டுத் துரத்தியபோது தன் உம்மாவின் இடுப்பில் வந்தவள். அகதி முகாமில் கிடுகுக் குடிசையில் வளர்ந்து, கருவாடு காயவைத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு அறையாக அந்த வீட்டைக் கட்டினாள். கடைசி அறைக்கு இன்னும் பூச்சு முடியவில்லை. ராத்தாவும் அவளும் வேலிக்கு மேலால் கறிச்சட்டி மாற்றுகிறவர்கள்.

அன்றைக்கு ராத்தா என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனாள். குசினியின் பின் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு, அதற்குள்ளால் கடல் தெரிந்தது. பச்சைக் கோப்பையில் தேத்தண்ணி தந்தாள்.

"மச்சிக்கு நீதான் சொல்லணும்" என்றாள். "ஊராக்கள் சொன்னா அவ நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா."

"என்னண்டு சொல்றது ராத்தா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குச் சொன்னதைச் சொல்லு."

கடல் சுவருக்கு வெளியே ஒரு தரம் இடித்தது, மேலே ஓட்டிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"பெட்டியை அவட வேலியோட நிப்பாட்டு" என்றாள். "அது எப்பிடிச் செய்றதெண்டு உனக்குத் தெரியும்தானே."

என் ராத்தா கெட்டவள் இல்லை. மன்னார் மச்சியின் பிள்ளைப்பேறுக்கு ராவும் பகலும் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவள் அவள்தான். வீடு காலுக்குக் கீழே கரைகிறபோது மனிசர் எதைத்தான் பிடிக்கமாட்டார்கள்? அவள் பிடித்தது நான் செய்து கொடுத்த சாமான். அதை என் கையிலேயே திருப்பித் தந்தாள். எனக்கு அவளில் கோபம் வந்தது, கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று இன்னும் கோபம் வந்தது.

ஆள் நுழைகிற வேலிப் பொட்டுக்குள்ளால் மன்னார் மச்சியின் வளவுக்குப் போனேன். அவள் வலை விரித்த பரணில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறக்கப் போனேன், அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"அன்டைக்குப் படம் பார்த்தேன். வடிவா இருந்துச்சு. எனக்குப் படம் விளங்காது. ஒண்டு மட்டும் சொல்லுங்க. இந்த ரெண்டாவது அணை போட்டா, அங்கால போற மண்ணு எங்க போகும்?"

ராத்தா கேட்ட அதே கேள்வி. அதே ஓரம். அவளுடைய பூச்சு முடியாத அறையின் வாசலில் சீமெந்துச் சாக்கு ஒன்று கட்டி வைத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய சேலை நிறம் கிடுகுக்குள்ளால் தெரிந்தது.

"போயிரும் மச்சி" என்றேன். "திரும்பி வராது. அதுக்குப் பிறகு உங்கட வீடு."

அவள் எழும்பிப் போய் ஒரு கருவாட்டைப் பிரட்டிப் போட்டாள். "ஒருக்கா விட்டுட்டு வந்தோம்தானே" என்றாள். "ரெண்டாந்தரம் ஏலாது. ராத்தாக்கிட்டச் சொல்லுங்க, என்னை மன்னிச்சுக்கச் சொல்லி." சொல்லத் தேவையில்லை. சேலை நிறம் வேலியை விட்டு நகர்ந்திருந்தது.

நான் திரும்பிப் போனபோது ராத்தா குசினி வாசலில் நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவள் வாயை நான் இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன், தாங்கியிருப்பேன்.

"பொய்யை எனக்குத் தந்தாய்" என்றாள், மெதுவாக. "உண்மையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்குக் குடுத்தாய்."

இதை எந்தப் பின்னிணைப்பிலும் ஒளிக்க முடியாது.

குசினி அந்தச் சோளகத்தின் தொடக்கத்திலேயே போனது. மற்ற அறைகளின் ஓடுகளையும் கதவு நிலைகளையும் மச்சான் கழற்றி எடுத்துவிட்டார். வெறும் சுவர்கள் இரண்டு கிழமை நின்றன. என் படத்தில் வீடு விழ எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் எடுத்தது, அந்தக் கணக்கில் நான் பிழை. மன்னார் மச்சியின் வீடு இன்னும் நிற்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் பெட்டியை ஓடவிட்டுப் பார்க்கவில்லை. லொட்ஜில் புதுசாக நாலு கொட்டில். எங்கள் அலுவலகத்தின் விளம்பரப் புத்தகத்தில் அந்தத் தங்க மண் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது, நுரையோடு.

ராத்தாவும் மச்சானும் இப்போது முந்தல் ஊரில், மச்சானுக்கு மூத்தவரான நானாவுடைய தென்னங்காணியில் ஒரு பக்கத்தில் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்வந்த மனிசர் இறால் பண்ணையில் குளத்துக்குத் தண்ணீர் மாற்றுகிறார். போன மாதம் போனேன். ராத்தா வாசல் வரைக்கும் வந்து ஸலாம் சொன்னாள், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாள், தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்தாள், வெயிலைப் பற்றியும் கதைத்தாள். கண்ணாடி அலுமாரியை உடையாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைத் திறந்து பூப்போட்ட கோப்பை ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்து, தட்டில் வைத்தாள்.

"சீனி எத்தனை கரண்டி போட?" என்று கேட்டாள்.